பலவந்தமாக ஏறியவர்கள்

போடியில் அரசு வேலையில் இருப்பவர்களுக்கு மெமோ வந்தால் முதலில் சாமி கும்பிடுவார்கள், அடுத்து என்னைத் தேடி வருவார்கள். நான் இங்கே மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஆனால் ஊரில் என்னைத் தெரிந்துவைத்திருப்பது பாடம் நடத்துவதற்காக அல்ல, மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுப்பதற்காக. பஸ்சைத் தாமதமாக எடுத்த டிரைவர், சொல்லாமல் லீவு போட்ட எழுத்தர், அரிசி மூட்டையில் குறைவு காட்டிய சத்துணவு அமைப்பாளர் என்று எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். ஒருவருக்கும் வேலை போனதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பதற்கில்லை.

என் வழி எளிமையானது. நடந்ததை மறுக்க மாட்டேன். மறுத்தால் சாட்சி தேடுவார்கள். நடந்தது உண்மைதான், ஆனால் செய்தது இவர் இல்லை, பொதுமக்கள் என்று எழுதுவேன். பொதுமக்கள் முற்றுகையிட்டார்கள், பொதுமக்கள் வற்புறுத்தினார்கள், கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை. பொதுமக்களுக்குப் பணிப்பதிவேடு கிடையாது. அவர்களுக்கு யாரும் மெமோ அனுப்ப முடியாது. மேலே இருப்பவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கோப்பை மூடிவிடுவார். யாருக்கும் நட்டம் இல்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. வகுப்பில் பாதிப் பாடத்தில் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுவிடுகிறேன். தெருமுனைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போய், பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டு, வாங்காமலே திரும்புகிறேன். எல்லாம் என் தம்பிக்காக நான் எழுதிய ஒரு கடிதத்தால் வந்தது.

தம்பி ராணுவத்தில் லாரி டிரைவராக இருந்தான். சேருவதற்கு முன்னால் மூன்று வருடம் போடிமெட்டு ரோட்டில் ஜீப் ஓட்டினான். ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு காலையில் மலையேறும் ஜீப்புகளில் ஒன்று. அந்த ஜீப்புகளில் இடமில்லை என்ற பேச்சே கிடையாது. எட்டுப் பேர் போக வேண்டியதில் இருபது பேர் போவார்கள். தூக்குவாளியோடு கைகாட்டி நிற்கிற ஒருத்தியை விட்டுவிட்டுப் போனால் அவளுக்கு அன்றைய வேலை போச்சு, அந்த டிரைவரை நாலு நாளைக்கு ஊரே திட்டும்.

செக்போஸ்ட்டில் கெடுபிடி என்று தெரிந்தால் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். வளைவுக்கு முன்னாலேயே கூடுதல் ஆட்களை இறக்கிவிடுவார்கள். அவர்கள் குறுக்குப் பாதையில் ஏறிப்போய், செக்போஸ்ட்டைத் தாண்டி ரோட்டோரம் நிற்பார்கள். ஜீப் எட்டுப் பேரோடு நல்ல பிள்ளையாகச் சோதனையைக் கடந்துபோய், மேலே நிறுத்தி எல்லோரையும் மறுபடி ஏற்றிக்கொள்ளும். சோதிக்கிறவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. தம்பி இதில் கெட்டிக்காரன். எத்தனை பேரை இறக்கினானோ அத்தனை பேரையும் எண்ணிப் பார்த்து ஏற்றாமல் வண்டியை எடுக்க மாட்டான்.

மூன்று வருடங்களுக்கு முன் அவனுடைய பிரிவை ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு அனுப்பினார்கள். பல நாட்டுச் சிப்பாய்கள் சேர்ந்த அமைதிப்படை, நீலத் தலைக்கவசம், வெள்ளை அடித்த லாரி. அந்த நாட்டில் அரசாங்கம் என்று ஒன்று தலைநகரத்தில் இருந்தது. அதைத் தாண்டினால் துப்பாக்கி வைத்திருந்தவன்தான் அரசாங்கம். எங்கள் அம்மாவுக்கு இது கடைசி வரை விளங்கவில்லை.

"பட்டாளத்துக்காரன சண்ட போடத்தான அனுப்புவாக? சண்டய நிறுத்தவா அனுப்புவாக?" என்று கேட்டாள்.

"அங்க சும்மா நிக்கத்தான் ஆத்தா போறேன். நாங்க நின்னா அவிங்க சுட மாட்டாங்களாம்" என்றான் தம்பி.

ஆனால் சுட்டார்கள். முகாமிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் ஒரு சிறு நகரம், அங்கே சந்தை கூடிய நாளில் ஆயுதக் கும்பல் ஒன்று புகுந்தது. செய்தி எனக்குப் போனில்தான் வந்தது. நம் டிவியில் பத்து வினாடி சொன்னார்கள், அதிலும் நாட்டின் பெயரைத் தப்பாகச் சொன்னார்கள். நான் அன்றிலிருந்து போனைக் கீழே வைக்கவில்லை. பெரிய நாடுகள் ஒவ்வொன்றாக அறிக்கை விட்டன. ஒன்று கவலை தெரிவித்தது, ஒன்று ஆழ்ந்த கவலை, இன்னொன்று மிக ஆழ்ந்த கவலை. ஆங்கில வாத்தியார் என்பதால் எனக்கு இந்தப் படிகள் நன்றாகப் புரியும். மூன்றாம் நாள் ஒரு சபை கூடி வன்மையாகக் கண்டித்தது. யாரைக் கண்டித்தது என்று இரண்டு முறை படித்தும் எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர் ஓய்வறையில் சத்தமாகவே திட்டினேன். மாணவன் ஒருவன் இந்த மாதிரி செயப்படுபொருள் இல்லாத வாக்கியம் எழுதினால் நான் சும்மா விடுவேனா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

தம்பி பேசியது ஆறாம் நாள், மதிய இடைவேளையில். குரலில் ஒரு துள்ளல் இருந்தது. பள்ளி வேப்பமரத்தடியில் நின்று முழுவதையும் கேட்டேன்.

அந்த நகரத்தில் வெளிநாட்டு உதவிக்குழு ஒன்று இருந்தது. ஒன்பது பேர். அவர்களை மட்டும் மீட்டு வரச் சொல்லிப் பெயர்ப்பட்டியல் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முன்னால் போன கவச வண்டியில் அந்த ஒன்பது பேரும் ஏறிக் கிளம்பிவிட்டார்கள். தம்பியின் லாரி அவர்களுடைய சாமான்களுக்கு. பெட்டிகள், கம்ப்யூட்டர்கள், ஒரு குளிர்சாதனப் பெட்டி. அவனும், பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்திருந்த வடநாட்டுச் சிப்பாய் ஒருவனும்தான் அந்த லாரியில். அந்தக் குழு தங்கியிருந்த கட்டடத்தின் சுற்றுச்சுவருக்குள் ஊர்க்காரர்கள் ஒளிந்திருந்தார்கள். சமையல் செய்தவர்கள், கூட்டிப் பெருக்கியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள்.

"ஒருத்தரும் கிட்டவே வரலக்கா. செவத்தோரமா நின்னு லாரியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நம்மூர்லகூட கை காட்டுவாங்க. இவங்க கையக்கூட காட்டல. எனக்குத் தாங்கல. பொட்டியெல்லாம் எறக்கி வராண்டாவுல அடுக்கிட்டு, வாங்க வாங்கன்னு இவங்கள ஏத்துனேன். இருபத்திரெண்டு பேரு."

"ஏன்டா, வழியில செக்போஸ்ட் இருக்குமே?" என்றேன்.

அவன் சிரித்தான். "இருந்துச்சு. துப்பாக்கிய வச்சுக்கிட்டு நாலு பேரு, ஆளுக்கொரு சட்ட. நான் நம்மூரு சோலியத்தான் பாத்தேன். முன்னாடியே வளைவுல எல்லாரையும் எறக்கி, சோளக்காட்டுக்குள்ள கையக் காட்டுனேன். ஒரு பொம்பள டக்குனு புரிஞ்சுக்கிட்டா. அவதான் எல்லாரையும் கூட்டிட்டுப் போனா. செக்போஸ்ட்டுல லாரியப் பாத்தானுக, காலி. விட்டுட்டானுக. அந்தப் பக்கம் ஒரு பாலம், அதுக்கிட்ட போயி நின்னோம். பன்னெண்டு நிமிசம்க்கா. எனக்கு உசுரே இல்ல. அப்புறம் காட்டுக்குள்ளருந்து ஒவ்வொருத்தரா வந்தாங்க. எண்ணுனேன். இருபத்திரெண்டு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் தம்பி என்று மரத்திடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. உலகத்து நாடுகளெல்லாம் சேர்ந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது போடிக்காரன் ஒருவன் லாரியில் ஆள் ஏற்றியிருக்கிறான்.

மறு வாரமே வந்தது மெமோ. பட்டியலில் இல்லாதவர்களை ஏற்றியது ஏன், ஏழு பெட்டிகளையும் குளிர்சாதனப் பெட்டியையும் விட்டுவிட்டு வந்தது ஏன், இரண்டு நாளில் ஆங்கிலத்தில் விளக்கம் கொடு. ஆணையை மீறினான் என்று முடிவானால் வேலையிலிருந்து நீக்கி அனுப்பிவிடுவார்கள். பென்ஷனுக்கு இன்னும் பதினான்கு மாதம் பாக்கி. தம்பி மனைவி இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"மதினி, ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்குறீங்க. எங்களுக்கு எழுத மாட்டீங்களா?" என்று அழுதாள்.

எழுத மாட்டேனா? அரை மணி நேரத்தில் எழுதினேன். என் கை தானாக ஓடியது. சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது பொதுமக்கள் திரண்டு வந்தனர். பொதுமக்கள் ஓட்டுநரின் மறுப்பையும் மீறிப் பலவந்தமாக லாரியில் ஏறினர். பெட்டிகளைக் கீழே தள்ளினர். உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் ஓட்டுநர் வண்டியை எடுக்க வேண்டியதாயிற்று. பலவந்தமாக என்பதற்கு மூன்று ஆங்கிலச் சொற்களை எழுதிப் பார்த்து, அதிகாரிகள் விரும்பக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். செக்போஸ்ட் சங்கதியை அடியோடு விட்டுவிட்டேன். வேண்டுமென்றே செய்தான் என்பதற்கு அதுதான் பெரிய சாட்சி.

தம்பி படித்துவிட்டுக் கூப்பிட்டான். முதல் தடவை பேசியபோது இருந்த துள்ளல் இல்லை.

"ஒருத்தர்கூடத் தானா ஏறலக்கா. நான்தான ஏத்துனேன்."

"தெரியும்டா. எழுதுனது ஒனக்காகத்தான்."

"அவங்க மேல பழி போடுற மாதிரி இருக்குக்கா. இங்கதான் முகாமுக்குள்ள இருக்காங்க. தெனமும் பாக்குறேன். அந்தப் பொம்பள எனக்கு வணக்கம் வைக்கிறா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்களுக்கு என்னடா நட்டம்? அவங்க பேருகூட ஒருத்தருக்கும் தெரியாது. ஒன் பேருக்குத்தான் மெமோ வந்துருக்கு. ஒம் பிள்ளைகளப் பாரு. வெரசாக் கையெழுத்தப் போட்டுக் குடு" என்றேன்.

"சரிக்கா" என்றான். அந்தச் சிப்பாயும் அதே போலக் கையெழுத்துப் போட்டான். கோப்பு மூடப்பட்டது. தம்பி மனைவி கௌமாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். எனக்கு ஒரு கிலோ பெருவட்டு என்கிற முதல்தர ஏலக்காய் கொண்டுவந்து கொடுத்தாள், நானும் வாங்கிக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் தம்பி அங்கே இருக்க வேண்டிய காலம் முடிந்து திரும்பி வந்தான். அடுத்த வருடம் பென்ஷனோடு வெளியே வந்து, போடிமெட்டுக்குக் கீழே எங்கள் அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் ஏலத்தைப் பார்க்க ஆரம்பித்தான். ஜீப் ஓட்டுகிறாயா என்று பழைய கூட்டாளிகள் கேட்டதற்கு மாட்டேன் என்றுவிட்டான். முதுகுவலி என்றான். நானும் நம்பினேன்.

இந்த வருடம் தேர்வுத்தாள் திருத்தும் முகாமில் ஒரு பிற்பகல், தாள் கட்டு வரத் தாமதமானது. சும்மா இருக்க முடியாமல் போனில் அந்த நாட்டின் பெயரைப் போட்டுத் தேடினேன். பழைய வழக்கம், விடவில்லை. நீளமான ஓர் ஆங்கில அறிக்கை வந்தது. அமைதிப்படை மக்களைக் காக்கத் தவறியது எங்கே, ஏன் என்று ஒரு குழு விசாரித்து எழுதியது. நியாயமான மனிதர்கள் எழுதியதாகத்தான் இருந்தது. ஆர்வமாகப் படித்துக்கொண்டே போனேன். அதே நகரத்தை அந்தக் கும்பல் மறுபடி தாக்கியிருக்கிறது, தம்பி ஊர் திரும்பிய இரண்டாம் மாதத்தில். அன்றைக்கும் வெள்ளை லாரிகள் போயிருக்கின்றன. மக்கள் கூடி நிற்கும் எந்த இடத்திலும் நிறுத்தக் கூடாது என்று ஓட்டுநர்களுக்கு ஆணை இருந்ததால் அவை நிற்காமல் வந்திருக்கின்றன. ஆணைக்குக் காரணம் அடுத்த வரியில் இருந்தது. முந்தைய மீட்பின்போது பொதுமக்கள் ஓட்டுநரின் மறுப்பையும் மீறிப் பலவந்தமாக லாரியில் ஏறினர்.

என் வாக்கியம். மூன்று சொற்களில் நான் தேர்ந்தெடுத்த அதே சொல். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

எழுந்து வராண்டாவில் நடந்தேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பக்கத்து மேசை ஆசிரியை சுகர் இறங்கிவிட்டதா என்று கேட்டு மிட்டாய் கொடுத்தாள். எத்தனை பேர் செத்தார்கள் என்று அறிக்கையில் ஓர் எண் இருந்தது. அன்றைக்கு நான் திருத்திய தாள்களில் என்ன மதிப்பெண் போட்டேன் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

சனிக்கிழமை முதல் ஜீப்பில் மலையேறினேன். தம்பி தோட்டத்தில் தண்ணீர் ஓஸ்சில் ஓட்டை விழுந்த இடத்தை ரப்பர் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். போனைக் கொடுத்தேன். ஏலச்செடிகளுக்கு நடுவில் குத்த வைத்து உட்கார்ந்து, உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தான். இரண்டு இடத்தில் அர்த்தம் கேட்டான். நானும் வகுப்பில் சொல்வது போல நிதானமாகச் சொன்னேன். எனக்கே என் குரல் அருவருப்பாக இருந்தது.

நான் நிறுத்திய இடத்தில் அவன் நிறுத்தவில்லை. அதற்குக் கீழே இன்னும் ஒரு பத்தி இருந்தது, நான் சரியாகக் கவனிக்கவில்லை. செக்போஸ்ட்டைத் தாண்டி, ஒரு பாலத்துக்குப் பக்கத்தில், சோளக்காட்டின் ஓரத்தில்தான் அந்த உடல்கள் கிடந்தன. நகரத்தை விட்டு அவ்வளவு தூரம் வந்து அந்த இடத்தில் அவர்கள் ஏன் கூடியிருந்தார்கள் என்பதை உறுதிப்படுத்த முடியவில்லை என்று விசாரணைக் குழு எழுதியிருந்தது.

தம்பி போனை மடியில் வைத்தான். "நான் நின்ன எடம்க்கா" என்றான்.

அவன் மடியிலிருந்து போனை எடுத்து அந்தப் பத்தியைப் படித்தேன்.

"முகாம்ல இருந்தவங்க ஊர்ல உள்ள சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியிருப்பாங்க. அந்தப் பாலத்துக்கிட்ட போயி நில்லுங்க, வெள்ள லாரி வரும், ஏத்திக்கும்னு. அன்னைக்குக் காவலுக்கு எம் பக்கத்துல உக்காந்திருந்தானே, அவனும் டிரைவர்தான், எனக்குப் பெறகு அந்த லாரிய அவனுக்குத்தான் குடுத்தாங்க. அவனுக்கு அந்த எடம் தெரியும். அவனும் எங்கூட எண்ணுனவன்தான். அவங்க எதுக்கு நிக்கிறாங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்க்கா. தெரிஞ்சேதான் நிக்காமப் போயிருக்கான்."

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ரெண்டாவது தடவ அடிச்சாங்கன்னு தெரியும். அவனக் கூப்புட்டேன். எடுக்கல. இன்னவரைக்கும் எம் போன எடுக்கல. ஏதோ இருக்குன்னு நெனச்சேன். கேக்கப் பயமா இருந்துச்சு." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்: "ஆர்டர் இல்லேன்னா அவன் நிறுத்தியிருப்பான்க்கா. நல்லவன்."

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பதிலுக்குப் பேசி, அழுது, கொஞ்சம் இறக்கி வைத்திருப்பேன். மறுபடி ஓஸ்சைக் கையில் எடுத்தான். கட்டு நிற்கவில்லை, தண்ணீர் அவன் முகத்தில் பீய்ச்சி அடித்தது. துடைக்காமலே சொன்னான்.

"அந்த அறிக்கை எழுதுனவங்களுக்கு எழுதுக்கா. ஏன் அங்க நின்னாங்கன்னு எழுது. யாரும் பலவந்தமா ஏறல, நான்தான் ஏத்துனேன்னு எழுது. அந்தச் செத்துப்போனவங்களப் பத்தி என்னமோ கிறுக்குத்தனமா வந்து நின்ன மாதிரியில்ல எழுதியிருக்காங்க. எம் பென்ஷன் போனாப் போகட்டும்."

தம்பி மனைவி பாலில்லாத கட்டஞ்சாயா கொண்டுவந்தவள் இதைக் கேட்டுவிட்டாள். டம்ளர்களை வரப்பில் வைத்தாள். நான் ஜீப் ஏறும் இடம் வரை கூடவே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, பெரியவன் இப்பத்தான் காலேஜ் சேந்துருக்கான். செத்தவங்க செத்துட்டாங்க. எழுதுனா எந்திரிச்சா வரப்போறாங்க?" என்றாள். அவளை என்னால் திட்ட முடியவில்லை. அவள் பேசியது என் பேச்சுத்தான்.

கடிதத்தை எழுதிவிட்டேன். வழக்கமாக அரை மணி நேரத்தில் எழுதுகிறவளுக்கு இதற்குப் பதினொரு நாள் ஆயிற்று. இந்த முறை அதில் பொதுமக்கள் இல்லை. சுவரோரம் நின்றவர்கள் இருக்கிறார்கள், சோளக்காட்டுக்குள் வழிகாட்டிய பெண் இருக்கிறாள், பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது, பொய் எழுதியவள் நான் என்பது இருக்கிறது. எங்கே அனுப்ப வேண்டும் என்பது அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும்.

ஐந்து மாதம் ஆகிறது. அனுப்பவில்லை. முதலில் எழுத்துப்பிழை பார்க்கிறேன் என்று சொன்னேன், பிறகு பள்ளியில் வேலை என்று சொன்னேன். தம்பி வாரம் ஒரு முறை "அனுப்பிட்டியாக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது கேட்பதில்லை. நேற்றுகூடக் கடிதத்தைத் திறந்தேன், படித்தேன், எழுந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டு வந்தேன். அதை அனுப்புவதற்குப் பதிலாகத்தான் இதை எழுதியிருக்கிறேன், அந்த விசாரணைக் குழுவில் ஒருவராலும் படிக்க முடியாத மொழியில், எங்களில் ஒருவர் பெயரையும் போடாமல்.